சுகி கேட்ட மரக்குற்றிகள்

பெப்ரவரி 18, ஞாயிறு
மழை. 4 டிகிரி. கராஜ் துப்புரவாக்கினேன், பாதி.
சுகியின் கோட்டுப் பையில் ஒரு தாள். ஐந்து தொலைபேசி இலக்கங்கள், மேலே அவளுடைய கையெழுத்தில் “மரக்குற்றி, மலிவு”. டென்மார்க்குக்கு வந்து குடியேறிய பிராண்டே ஊருக்கு வெளியே அந்தக் காணியை வாங்கி மூன்று வருடம். அதில் முழு மரக்குற்றிகளை அடுக்கி, சொந்தக் கையால் ஒரு வீடு கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். கணவன் நான், “பாப்பம்” என்றே மூன்று வருடத்தையும் ஓட்டிவிட்டேன். அவள் ஒக்டோபரில் போய்விட்டாள். இருதயம், வேலையிடத்தில், பத்து நிமிடம்.
நாளை முதல் இலக்கத்துக்கு எடுப்பது. ஏன் என்று தெரியவில்லை. வேறு வேலை இல்லை.
பால், பாண், பல்ப்.

பெப்ரவரி 20, செவ்வாய்
காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு வீடு.
இலக்கம் 1: எஸ்தோனியாவிலிருந்து வெட்டிச் செதுக்கி லொறியில் வரும். விலையைக் கேட்டு நன்றி சொல்லி வைத்தேன்.
இலக்கம் 2: தொழிலை விட்டுவிட்டார்.
இலக்கம் 3: பழைய தந்திக் கம்பங்கள், கொள்ளை மலிவு. போய்ப் பார்த்தேன். தார் மணம். “இதில் வீடு கட்டலாமா?” என்றேன். “நீங்கள் உள்ளே இருக்காவிட்டால் கட்டலாம்” என்றான். சிரிக்க வேண்டிய இடம். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.
இரவு பாணும் சீஸும். நேற்றும் அதுதான்.

பெப்ரவரி 22, வியாழன்
காற்று. மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகுகாலம் என்று காத்திருந்து எடுத்தேன். பழக்கம். சுகி இருந்திருந்தால் பகிடி பண்ணியிருப்பாள்.
இலக்கம் 4: பதில் இல்லை.
இலக்கம் 5: அன்டர்ஸ் என்ற கிழவன், சொந்தக் காடு. சொன்னது இவ்வளவு:
- புயலில் விழுந்த ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம், 64 குற்றி. நேரானவை, வேரோடு சாய்ந்தவை, முறிந்தவை அல்ல. அதனால் உள்வெடிப்பு இல்லை.
- விறகு விலையை விடக் கொஞ்சம்தான் கூட.
- வேறொருவருக்காக ஒதுக்கி வைத்தது. இலையுதிர் காலத்துக்குப் பிறகு அந்த ஆள் வரவில்லை, போனும் வேலை செய்யவில்லை.
- மார்ச் 15 கடைசி. வெயில் ஏறினால் பட்டைக்குள் வண்டு வரும். அதற்குள் யாரும் எடுக்காவிட்டால் எல்லாம் அரைத்துத் தூள், வெப்ப ஆலைக்கு.
இந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது. அது எனக்கே விளங்குகிறது. “உனக்கு ஒதுக்கி வைக்கவா?” என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

பெப்ரவரி 24, சனி
அக்கா வைலேயிலிருந்து வந்தா. கத்தரிக்காய்க் குழம்பு, புட்டு, ஒரு பை உடுப்புத் தோய்க்கும் பவுடர். வியாழன் இரவு போனில் மரக் கதையை வாய் தவறி விட்டிருந்தேன்.
“உனக்கென்ன விசரே? ஆட்டைத் திவசம் முடியேல்ல. ஒரு வருசம் போகாமல் வீட்டு அலுவல் துவங்கிற வழக்கம் எங்களிட்ட இருக்கே?”
“வீடு கட்டேல்லை அக்கா, மரம்தான் வாங்கிறது.”
“வீட்டுக்குத்தானே மரம்? ஒக்டோபர் மட்டும் பொறு. ஐயரையும் கேட்டனான், அவரும் வேண்டாம் எண்டுதான் சொல்லுறார்.”
என்னோடு கதைக்க முன்பே ஐயரைக் கேட்டுவிட்டா. என்னவென்று கேட்டாவோ, நான் விசாரிக்கவில்லை.
உண்மையை இங்கேயாவது எழுதலாம்: எனக்கு ஆறுதலாக இருந்தது. முடிவு என் கையை விட்டுப் போனது. புட்டு நன்றாக இருந்தது.

பெப்ரவரி 25, ஞாயிறு
மூடுபனி.
ஓகூஸிலிருந்து மகள் நிலானி எடுத்தாள். வழக்கம்போல நான் தமிழ், அவள் டேனிஷ். மர விஷயத்தைச் சொன்னேன்.
“அம்மா என்ன சொல்லியிருப்பா?” என்றாள்.
“கொம்மா ஆரிட்ட கேட்டவ?”
அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பில்லை. பிறகு கார் டயர் மாற்றியாயிற்றா என்று கேட்டாள்.
இல்லை.

பெப்ரவரி 28, புதன்
தொழிற்சாலையில் கேக். யாருக்கோ ஐம்பது வயது. இரண்டு துண்டு.
அன்டர்ஸுக்கு வேண்டாம் என்று சொல்ல மூன்று தரம் போனை எடுத்தேன். ஒதுக்கி வைக்கவா என்று கேட்ட மனிதனிடம் போனில் வேண்டாம் என்பது சரியில்லை. சனி நேரே போய்ச் சொல்வது.

மார்ச் 2, சனி
வெயில், குளிர்.
போனேன். காட்டு வாசலில் இறங்கியதும் அன்டர்ஸ் என்னைப் பார்த்தபடி நின்றார். கையைக்கூடத் தரவில்லை.
“நீ சுகியின் கணவன். போட்டோ காட்டியிருக்கிறாள்.”
ஓம் என்றேன். தமிழில். அவருக்கு விளங்கியது.
அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். பிறகு “எனக்குத் தெரியாது, போனில் நீ பெயர் சொல்லவில்லை” என்று இரண்டு தரம் சொன்னார்.
ட்ராக்டருக்குள் ஏறி ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே கடித உறை. அதற்குள் காய்ந்து கறுத்த வெற்றிலை, ஒரு பாக்கு, நூறு குரோனர் தாள், ஒரு குரோனர் நாணயம்.
“பேரம் பேசினாள், நன்றாகப் பேசினாள். முடிந்ததும் இதைத் தந்தாள். தின்பதா நடுவதா என்று தெரியவில்லை. காசைச் செலவழிக்காதே, மரம் எடுக்கும் நாளில் கழித்துக்கொள் என்றாள். ஆகவே உனக்கு விற்க முடியாது. விற்றுவிட்டேன்.”
உறையில் அவருடைய எழுத்தில் திகதி: செப்டெம்பர் 8.
வேண்டாம் என்று சொல்லப் போனவன் சொல்லவில்லை. குவியலைப் பார்த்தேன். ஒவ்வொரு குற்றியின் தலையிலும் சோக்கில் இலக்கம், அவளுடைய 4, மேலே மூடாத 4. நாற்பத்துநாலை இரண்டு தரம் பார்த்தேன்.

மார்ச் 3, ஞாயிறு
அக்காவுக்குக் காலையிலேயே எடுத்தேன். வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிடுவா என்று நினைத்தேன்.
“வெத்திலை பாக்கோட குடுத்தவளோ?”
“ஓம்.”
“எண்டைக்கு?”
“செப்டெம்பர் எட்டு.”
கலண்டர் தாள் புரளும் சத்தம். “ஆவணி, வெள்ளி.” மூக்கைச் சிந்தினா. “அப்ப அச்சாரம் குடுத்து அவள் துவங்கீட்டாள். துவங்கின வேலையை இடையில நிப்பாட்டக் கூடாது. போய் எடு, தம்பி.”
“ஐயர்?”
“ஐயரோட நான் கதைக்கிறன்.”
பாரந்தூக்கி லொறி ஒழுங்கு. புதன் காலை எட்டு. பட்டை உரிக்க நிலானி வருகிறாள், மூன்று நாள்.
பிறகு போன வருட டயரிக் கொப்பியை எடுத்தேன். செப்டெம்பர் 8. என் எழுத்துத்தான்:
“மழை. சுகி பிந்தி வந்தாள். எங்கே போனாள் என்று சொல்லவில்லை. கார் முழுக்கச் சேறு. ஏசினேன். சிரித்துக்கொண்டு நின்றாள்.”
காருக்குள் போயிருந்து அழுதேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பக்கத்து வீட்டுக்காரி வந்து கண்ணாடியில் தட்டினாள்.