'உன் கை போதும்' பாட்டை எழுதியவனுக்கு

அன்புள்ள ஜெரோம் அண்ணே,

நீ போய் நாலு வருஷம் ஆச்சு. உன் பாட்டு மட்டும் ஊர் சுத்திக்கிட்டே இருக்கு. கெப்பாலா பத்தாஸில் ஒரு கல்யாண பேண்டு அதைக் குத்துப்பாட்டாக அடிக்கிறது. ஈப்போவில் ஒருவர் வயலினில் இழுத்து இழுத்து வாசிக்கிறார். எல்லாருக்கும் அது காதல் பாட்டு. 'உன் கை போதும்' என்றால் வேறென்ன நினைப்பார்கள்?

எனக்குத்தானே தெரியும். உன் ராக் பேண்டில் கிட்டார் வாசித்த மணி அண்ணனின் இடது கையில், வேலையிடத்து மெஷின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துவிட்டது. கிட்டாரை விற்கச் சொல்லி உன்னிடம் கொடுத்தார். நீ விற்கவில்லை. கட்டை விரல் போக மிச்சமிருந்த இரண்டு விரலால் பிடிக்க முடிந்த சுரக்கூட்டுகளை, அந்தக் கார்டுகளை மட்டும் வைத்து ஒரு பாட்டைக் கட்டி, அவர் வீட்டு வாசலில் போய் நின்றாய். "இதை வாசி. இல்லேன்னா பேண்டைக் கலைச்சிடுறேன்." வாசித்தார்.

போன மாதம் கோலாலம்பூர் பேண்டு ஒன்று அதைப் பதிவு செய்து வெளியிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 'பழைய தோட்டப் பாட்டு, எழுதியவர் தெரியவில்லை' என்று போட்டிருந்தார்கள். எந்த ரப்பர் தோட்டம்? பாயான் லெப்பாஸ் போகும் ஃபேக்டரி பஸ்ஸில் நீ எழுதினது அண்ணே அது!

"விடு தங்கச்சி. பாட்டு ஓடுதுல்ல, போதும்லா" என்றார் மணி அண்ணன். எனக்குப் போதவில்லை. அந்த பேண்டு ஜார்ஜ் டவுனில் பாட வந்த அன்று மத்தியானமே அவரை அக்கரையிலிருந்து ஃபெரியில் வரச்சொல்லி, ஒத்திகை நடந்த மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன்.

பாடகி சின்னப் பெண். மரியாதையாகத்தான் பேசினாள். "அக்கா, எங்க பாட்டுன்னு ஏற்கெனவே ரெண்டு பேர் வந்துட்டாங்க. ஆதாரம் ஏதாச்சும் இருக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் மணி அண்ணன் கிட்டாரைக் கேட்டு வாங்கினார். முதல் கார்டிலிருந்து கடைசி வரை வாசித்தார். அவர்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்திருந்த ஜோடனை எதுவும் இல்லை. டிரம்ஸ் பையன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். அந்தப் பெண் அவர் விரல்களையே பார்த்தாள்.

"அங்கிள்... இந்தக் கையா?"

"ஆமாம்மா."

உன் நல்லடக்கத்தில்கூட அழாத மனுஷன் அங்கே அழுதார்.

அன்று மேடையில் உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பாடினாள். ஆனால் மேடையில் சொன்னது எத்தனை நாள் நிற்கும்? அந்தப் பதிவை வெளியிட்ட கோலாலம்பூர் கம்பெனிக்கு எழுதினேன். பழைய பதிவைக் கேட்கிறார்கள். நீங்கள் அப்போது பதிந்துவைத்த கேசட்டைக் கடையில் கொடுத்து, இரைச்சலைச் சுத்தம் செய்து வாங்கிவிட்டேன். பாட்டுக்கு முன்னால் நீயும் மணி அண்ணனும் சண்டை போடுவதுகூடத் தெளிவாகக் கேட்கிறது. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு!

பெயருக்காக நீ எழுதவில்லை. தெரியும். இதற்கெல்லாம் என்னைத் திட்டுவாயோ? திட்டினாலும் செவ்வாய்க்கிழமை நானும் மணி அண்ணனும் கேசட்டோடு கே.எல். கம்பெனிக்கே போகிறோம். அவர்கள் முடியாது என்றால் மறுபடியும் போவேன். உன் பெயரும், யாருடைய கைக்காக எழுதினாய் என்பதும், இரண்டுமே அந்தப் பாட்டோடு அச்சில் ஏறும்வரை விடமாட்டேன். இது சத்தியம்.

பிடிவாதத்தில் உனக்குச் சளைக்காத
உன் தங்கச்சி,
ரீத்தா