ஆள் வந்தாச்சு

நேற்று கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வந்த கேரல் பார்ட்டிக்கு வைத்த அச்சு முறுக்கு பாதி மீந்துவிட்டது. டப்பாவைத் திறந்ததும் ஏலக்காயும் தேங்காய்ப்பாலும் கலந்த வாசனை வந்தது. அதோடு உங்கள் மேல் கோபமும் வந்தது. நீங்கள் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் இன்று உங்களுக்குச் சோறு போட்டிருக்க மாட்டேன்.

அந்த டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். ஜெனி அப்போது சின்னப்பிள்ளை. டவுன் சிண்ட்ரோம் என்று பிறந்த அன்றே டாக்டர் சொன்னதையெல்லாம் ஓரளவு ஜீரணித்துவிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம். சர்ச் பாடகர் குழு நம் ஹாலில் நின்று பாடியது, தடித்த பேஸ் குரலில் நீங்களும் கூட. குழந்தைக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ்டரின் கண்ணாடியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு, தானும் கத்திப் பாடி ஒரே ஆட்டம். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு அம்மா மட்டும் "ச்சு... பாவம்" என்றாள். உங்கள் முகம் சுண்டிப் போனது.

அடுத்த வருடம் கேட் சத்தம் கேட்டதுமே அவளிடம் குனிந்து, "ஜெனி, ஆள் வந்தாச்சு! ஓடு, ஒளிஞ்சுக்கோ. அப்பா வந்து கண்டுபிடிப்பேன்" என்றீர்கள். பின்னறைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லோரும் போன பிறகு கதவுக்கு வெளியே நின்று, தொண்டையைக் கனைத்து, "கண்டுபிடிச்சிட்டேன்!" என்றீர்கள். அவள் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். பெரிய முறுக்காகப் பார்த்து எடுத்துக் கொடுத்தீர்கள்.

எத்தனை சண்டை போட்டேன்!

"அவளுக்குக் கூட்டம்னா பயம்டி. பாரு, எவ்ளோ சந்தோஷமா வெளையாடுறா."

"பயம் அவளுக்கா உங்களுக்கா? சொல்லுங்க!"

பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வீர்கள்.

பாசம் இல்லாத மனுஷன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடிந்தால் எனக்கு நிம்மதி. அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். ரசஞ்சாதம் பிசைந்து ஊட்டியது நீங்கள், நகம் வெட்டிவிட்டது நீங்கள், ஷூ பக்கிள் போட அவள் பழகும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்ததும் நீங்கள்தான். விடிந்தும் விடியாமலும் ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து ரவுண்டு அடிப்பீர்கள். அந்நேரத்துக்குத் தெருவில் ஆள் இருக்காது என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நாளாயிற்று.

போன வருடம் உங்களைப் பெட்டியில் வைத்து ஹாலில் கிடத்தியிருந்தபோது உங்கள் ஆபீஸிலிருந்து வந்தார்கள். சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்து ஒருவர் கன்னடத்தில், "மகளா? சார் ஹேளலே இல்லவல்லா மேடம்" என்றார். இத்தனை வருடம் கூட உட்கார்ந்து டிபன் சாப்பிட்டவர்களிடம் நமக்கொரு மகள் இருப்பதை நீங்கள் சொன்னதேயில்லை. செத்துக் கிடந்த உங்களை உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

அதற்குள் பாடகர் குழு வந்து பாட ஆரம்பித்தது. ஜெனியைக் காணோம். எனக்குத் தெரியாதா எங்கே இருப்பாள் என்று! கட்டிலுக்குப் பின்னால், வாயை இரண்டு கையாலும் பொத்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வளர்ந்த பெண், கால் மடக்கக்கூட அங்கே இடமில்லை.

"அப்பாவப் பாக்க வாடா கண்ணு."

"ஷ்ஷ்! அப்பா வருவாங்க."

இழுத்துப் பார்த்தேன், என் அண்ணனும் இழுத்துப் பார்த்தான். கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினாள். நேரமாகிறது என்றார்கள். கல்லறைக்கு உங்களை எடுத்துப் போனார்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஆட்டத்தை நீங்கள் பாதியில் விட்டுப் போய்விட்டீர்கள் என்று அவளுக்கு யார் சொல்வது?

பாஸ்டர் உங்களை மன்னிக்கச் சொல்கிறார். மன்னிக்கிறேன் ஐயா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பொய்தான்.

இந்த வருடம் எப்படியாவது அவளை எல்லோர் நடுவிலும் நிறுத்திவிட வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். சிவாஜிநகர் போய்ச் சிவப்பு கவுன் எடுத்தேன். கண்ணாடி முன் நின்று அவளே அழகு பார்த்துக்கொண்டாள். கையை இறுகப் பிடித்து வாசலிலேயே நின்றேன். கிடார் சத்தம் தெருமுனையில் கேட்டதுதான் தாமதம், கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள். அவர்கள் பாடினார்கள், ஜெபித்தார்கள், முறுக்கைக் கொறித்துவிட்டுப் போனார்கள். மகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் பழக்கிவிட்டீர்களே.

போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. கட்டிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "கண்டுபிடிச்சிட்டேன்" என்றேன். "நீ இல்ல, அப்பா" என்று என்னைத் தள்ளினாள். சாப்பாட்டு நேரம் தாண்டியும் அசையவில்லை.

கடைசியில் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு, தொண்டையைக் கனைத்து, உங்களைப் போலவே குரலைத் தடிப்பாக்கி அந்த வார்த்தையைச் சொன்னேன். இந்த உலகத்தில் நான் மிகவும் வெறுக்கிற வார்த்தை அது.

சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என்னை ஒதுக்கிவிட்டு, எனக்குப் பின்னால் ஹால் முழுக்கத் தேடினாள்.