பெட்டிக்கு நாள் தெரியாது

வீட்டிலிருந்து,
திங்கட்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இருமல் விட்டதா, கேட்ட போர்வையைக் கொடுத்தார்களா என்று முதலில் எழுது. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். ஐயா, இதில் பெட்டி பெட்டி என்று வருவது எங்கள் டிவிக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர். உள்ளங்கையில் அடங்கிவிடும். சினிமாவும் பாட்டும் ஓடுவதற்காக இவன் செய்து வைத்தது. வேறொன்றும் இல்லை.

அந்தப் பெட்டிதான் இப்போது என் உயிரை எடுக்கிறது. படம் பாதி ஓடும்போதே டிவி கறுத்துவிடுகிறது. பிறகு அதுவாகவே எழுந்து, புரியாத வரிகளாக ஓட்டிக்கொண்டே போகிறது. எழுந்து வந்தாலும் சில சமயம் படங்களின் பட்டியல் காலியாக இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டு அடங்கிவிடுகிறது. திரையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு மின்னல் குறி வேறு வந்து வந்து போகிறது.

நேற்று ஞாயிறு. உன் முகத்துக்காக அம்மா காலையிலேயே தலை சீவச் சொல்லித் தயாராக இருந்தாள். டிவியில் நீ வந்தாய், "அம்மா, இங்க சாப்பாடெல்லாம்" என்றாய், அப்படியே நின்றுவிட்டாய். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பல் டாக்டர்கிட்ட உக்காந்த மாதிரி வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறான்" என்றாள். பக்கவாதம் வந்த பிறகு அவள் ஒரு வாக்கியம் முழுதாகப் பேசுவதே அபூர்வம். நான் சிரித்தேன். ஆனால் மத்தியானம்வரை அவள் கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை, நீ திரும்பி வரவும் இல்லை.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை என்பதை மறைக்க மாட்டேன். நீ ஓட்டிய வேனில் அடிபட்டு ஒரு மனிதர் இறந்ததும் உனக்குத் தண்டனை ஆனதும் அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று நீதான் முடிவு செய்தாய். கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை, அங்கே போன் எடுக்காது, வாரம் ஒரு வீடியோ மட்டும்தான் அனுப்பலாம் என்று ஒரு கதையைக் கட்டினாய். ஜெயிலுக்குப் போவதற்கு முன்பே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு எல்லா வாரத்துக்கும் பேசிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனாய். அந்தந்த வாரத்துக்கானது அதுவாகவே மேலே வந்து நிற்கும், அக்கா பொத்தானை அழுத்தினால் போதும் என்றாய். ஒரு பொய்யைப் பேசி முடித்துவிட்டு நீ போய்விட்டாய். அதை வாரா வாரம் அம்மாவுக்குப் பரிமாறுவது நான்.

டாக்டர் போன வாரம் வந்து பார்த்தார். இருதயம் மிகவும் களைத்துவிட்டது, பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். பரோல் விடுப்புக்கு மனு போடு என்று எழுதினேன். "ரெண்டு போலீஸ்காரங்களுக்கு நடுவுல அவ என்னைப் பார்க்க வேண்டாம். டிவியில பார்க்கிறதே அவளுக்கு நிம்மதி" என்று பதில் போட்டுவிட்டாய். சரி, அந்த நிம்மதியாவது ஒழுங்காக ஓடட்டும். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முதுகில் புண் வராமலிருக்க அம்மாவுக்குக் காற்று மெத்தை வாங்கியிருக்கிறோம். அதன் பம்புக்கு இடம் வேண்டும் என்று உன் பெட்டியின் தடித்த சார்ஜரைக் கழற்றிவிட்டு, வேறு பிளக்கில் என் பழைய போன் சார்ஜரைப் போட்டேன். லைட் எரிந்ததால் போதும் என்று விட்டுவிட்டேன். அதனால்தானா?

உடம்பைப் பார்த்துக்கொள். கொடுப்பதைச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

வீட்டிலிருந்து,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வந்தது. வந்ததில் பாதி கறுப்பு மை. போன் சார்ஜர் பெட்டிக்குப் பற்றாது, பழையதையே மாட்டு என்பது தெரிந்தது. மின்சாரம் பற்றாமல் விழுந்து விழுந்து எழுந்ததில் உள்ளே இருக்கும் மெமரி கார்டு கெட்டிருக்கும், நான் போவதற்கு முன்னால் எடுத்த நகல் பொத்தான் டப்பாவில் இருக்கிறது, அதைப் போடு என்பதும் தெரிந்தது. "போட்டதும் மறக்காம" என்று ஆரம்பிக்கிற இடத்திலிருந்து பக்கத்தின் அடிவரை ஒரே கறுப்பு. நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் சோதிக்கிற விளக்கில் பிடித்துப் பார்த்தேன், முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்ததுதான் மிச்சம். ஐயா, உங்களைக் குறை சொல்லவில்லை. கோடும் புள்ளியும் இங்கிலீஷ் எழுத்துமாக ஒட்டி ஒட்டி எழுதியிருந்தால் நானும் ஏதோ ரகசியம் என்றுதான் நினைத்திருப்பேன். அது பெட்டிக்கு இடுகிற கட்டளை. ஜெயிலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

படிக்க முடிந்ததை அப்படியே செய்தேன். தடித்த சார்ஜரைத் தேடி மாட்டினேன், மின்னல் போய்விட்டது. கடையில் கண்ணாடிக் காம்புக்குத் திருகு போடும் திருப்புளியால் பெட்டியைத் திறந்து, நகல் கார்டைச் செருகினேன். ஹார்ட் டிஸ்க் ஒழுங்காகச் சுற்றியது, படங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எனக்கு ஒரே பெருமை. தெருவில் சாக்கடைக் குழாய்க்குத் தோண்டும்போது நெட் வயரை அறுத்துவிட்டார்கள், நாளை நாளை என்று இழுத்தடிக்கிறார்கள். எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும்போது நெட் எதற்கு என்று நான் கவலைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, முகம் துடைத்துவிட்டு, மேலே வந்து நின்றதை அழுத்தினேன். நீ நீலச் சட்டையில் வந்தாய். "அம்மா, இப்பதான் மேடையில வந்து இறங்கினேன். துணிப்பையைக்கூடப் பிரிக்கலை. வீட்டை விட்டுக் கிளம்பறப்ப திரும்பிப் பார்க்கலைம்மா, பார்த்திருந்தா அழுதிருப்பேன்" என்றாய். எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அது நீ பேசிய முதல் பேச்சு. அது முன்பு ஓடியபோது அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிது, மருந்து மயக்கத்தில் எதுவும் அவள் நினைவில் நிற்கவில்லை. ரிமோட்டைத் தேடி எடுத்து நிறுத்துவதற்குள் அவள் முழுதும் கேட்டுவிட்டாள். பிறகு திரையின் மூலையில் தேதியைப் பார்த்தேன். நீ ஜெயிலுக்குப் போன மாதத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

அம்மா கேட்டாள், "இப்பதான் இறங்கினேன்னு சொல்றானே. அப்ப ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கானா?"

இல்லை அம்மா, பழைய வீடியோ என்று சொல்ல வாயெடுத்தேன். பழையது எப்படித் திரும்ப வரும், அப்படியானால் மற்றதெல்லாம் எப்போது எடுத்தது என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த நேரம் பார்த்து நம் கீழ்வீட்டுத் தையற்காரர் அம்மாவைப் பார்க்க மேலே வந்தார். உன் விஷயம் அவருக்குத் தெரியும். அம்மா எது சொன்னாலும் மறுக்காமல் ஆமாம் போடுங்கள் என்று நாம் கேட்டுக்கொண்ட மனிதர். அம்மா அவரிடம், "என் பையன் வந்துட்டுப் போனானா, நீங்க பார்த்தீங்களா?" என்றாள். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஆமாம்மா, அவசரமா வந்துட்டுப் போனாப்ல. என்ன வேலையோ பாவம்" என்றார். நல்ல மனிதர், நம் பொய்யைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு இறங்கிப் போனார்.

அதிலிருந்து அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். பாலை வாயருகே கொண்டுபோனால் உதட்டைத் திறப்பதில்லை. நேற்று மாத்திரையைத் துப்பிவிட்டாள். ஒரே ஒரு முறை, "இத்தனை தூரம் வந்தவனுக்கு மாடிப்படி ஏறக் கால் வரலையா?" என்றாள். மகன் வந்தும் தன்னைப் பார்க்காமல் போனான் என்று நினைத்துக்கொண்டு அவள் போய்விடப் போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ மறைக்க நினைத்த விஷயம்கூட அவளை இப்படிச் செய்திருக்காது.

என்ன சொல்லட்டும் என்று உடனே எழுது. உன் பதில் வரும்வரை இவள் உடம்பு தாங்குமா என்று தெரியவில்லை. தாங்காது என்று எனக்குத் தோன்றினால் உன்னைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா

*

வீட்டிலிருந்து,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இந்த முறை ஒரு வரிகூட அழியாமல் வந்தது. ஐயாவுக்கு நன்றி. இந்தப் பெட்டிக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது, நெட்டில் கேட்டுத்தான் நாளைத் தெரிந்துகொள்ளும், நெட் இல்லையென்றால் கார்டில் கடைசியாக இருந்த நாளையே இன்று என்று நம்பும் என்று எழுதியிருக்கிறாய். மை பூசிய இடத்தில் இருந்தது தேதியைக் கையால் அடிக்கும் வழி என்றும் புரிந்தது. நீ சொன்னபடி அடித்தேன். இன்றைய தேதி வந்தது, இந்த வாரத்துப் பேச்சும் மேலே வந்தது. அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். நீ பேச ஆரம்பித்ததும் அவள் திரும்பிப் பார்க்காமலே, "அவனை நிறுத்திடு" என்றாள்.

நிறுத்தினேன். கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேனைச் சொன்னேன், இறந்தவரைச் சொன்னேன், தீர்ப்பைச் சொன்னேன். கடலும் கிடையாது மேடையும் கிடையாது, பேசியதெல்லாம் போவதற்கு முன் இந்த அறையிலேயே, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எடுத்தது என்றும் சொன்னேன். அடுத்த நிமிஷம் என்ன ஆகுமோ என்று அவள் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடித்ததும் முதலில் கேட்டது, "அப்ப அவன் வரவே இல்லையா?"

வரவில்லை அம்மா, வர முடியாத இடத்தில் இருக்கிறான் என்றேன். அவளுக்குப் பெரிதாக ஒரு மூச்சு வந்தது. மகன் ஜெயிலில் இருக்கிறான் என்று கேட்டு ஒரு தாய்க்கு நெஞ்சு லேசாகுமா என்று என்னைக் கேட்காதே. ஆனது, நான் என் கண்ணால் பார்த்தேன். சுவர்ப் பக்கமிருந்து அவளாகவே என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

பிறகு, "அந்த வீட்டுல யாரு இருக்காங்க?" என்று கேட்டாள். மனைவியும் பள்ளிக்கூடம் போகிற பெண்ணும் என்றேன். அதற்குத்தான் அழுதாள். நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள், நானும் அழுதேன். நீ அவர்களைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அதற்குப் பதிலை நீயே அவளிடம் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் பால் கேட்டாள். டம்ளரில் பாதி குடித்தாள். அப்புறம், "அவனை வரச் சொல்லு" என்றாள். கூடப் போலீஸ்காரர்கள் வருவார்கள் அம்மா, கையில் விலங்கு இருந்தாலும் இருக்கும் என்று சொல்லிவிட்டேன், இனி எதையும் மறைப்பதாக இல்லை. அதற்கு அவள், "அவங்களுக்கும் நாற்காலி போடு" என்றாள்.

டாக்டரின் சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன், சிறை மேலதிகாரிக்கும் தனியாக ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். டாக்டர் என்னிடம் சொன்னதை இங்கே திரும்ப எழுத எனக்கு மனசு வரவில்லை, சான்றிதழில் படித்துக்கொள். உன் பேச்சுகள் பெட்டிக்குள் இன்னும் நிறைய மீதி இருக்கின்றன, தம்பி. அம்மாவிடம் அவ்வளவு ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. டிவியைத் துணி போட்டு மூடிவிட்டேன். கட்டிலை வாசலைப் பார்த்தபடி திருப்பிப் போடச் சொன்னாள், தையற்காரரும் நானும் சேர்ந்து திருப்பினோம். அவர் தலையைக் குனிந்துகொண்டே வேலை செய்தார், அம்மாதான் அவரிடம் பேச்சுக் கொடுத்தாள்.

இதைப் படித்தவுடன் மனுவை எழுது. விலங்கு, போலீஸ், வெட்கம் என்று மறுபடி ஆரம்பிக்காதே, அதற்கெல்லாம் இப்போது நேரம் இல்லை. மறுத்தால் திரும்பவும் எழுது, அதையும் மறுத்தால் காலில் விழுந்து கேள். பாலோ மருந்தோ, கெஞ்சியோ மிரட்டியோ, நீ வரும்வரை அவள் தொண்டைக்குள் ஏதாவது இறங்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். மற்றதை நான் செய்ய முடியாது, நீதான் வர வேண்டும்.

அம்மாவின் ஆசியை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "பத்திரமா வரச் சொல்லு. மெதுவா வரச் சொல்லு." மெதுவாக என்பதை மட்டும் கேட்காதே.

அன்புடன்,
அக்கா