அணிவகுப்பில் பேசியவர்

பிப்ரவரி 4, செவ்வாய்

குழாய் ரிப்பேர்காரர் வந்து போனார். சமையலறைத் தரையை அவர் துடைத்த பிறகு நான் மறுபடி துடைத்தேன். இன்று நான் பேசிய ஒரே ஆள் அவர்தான். பேசியது, “செருப்பை வெளியே விடுங்கள்.”

மகள் பேசி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அவள் அப்பாவின் நினைவு நாளன்று கடைசியாகக் கூப்பிட்டாள். “நீ திட்டினாக்கூடத் தேவலம்மா. வாயைத் திறக்காமலே மனுஷங்கள விரட்டுற. அப்பா எப்படித்தான் தாங்கினாரோ” என்றாள்.

அது என் தாத்தாவின் குணம் என்றேன். உலகப் போரில் அதிகாரியாக இருந்தவர், பார்வையாலேயே ஆட்களை நடத்தியவர் என்றேன்.

“அதிகாரியோ என்னமோ, யாரு கண்டா” என்று சிரித்தாள். போனை வைத்துவிட்டேன். நானாகக் கூப்பிடப்போவதில்லை.

தாத்தாவின் பணி ஆவணங்களைக் கேட்டு ராணுவக் காப்பகத்துக்கு இன்று எழுதிப் போட்டேன். வந்ததும் நகல் எடுத்து அவளுக்கு அனுப்புவேன். கூடக் கடிதம் எதுவும் வைக்கமாட்டேன். நகலே பேசட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

யாரும் வரவில்லை.

பிப்ரவரி 19, புதன்

காப்பகத்திலிருந்து ஒரு பெண் போனில் வந்தாள்.

“அதிகாரிங்க பட்டியல்ல உங்க தாத்தா இல்லம்மா. மத்தவங்க பட்டியல்ல தேடட்டுமா?”

“மத்தவங்கன்னா?”

“சிப்பாய்ங்க, சமையல்காரங்க, கழுதை ஓட்டினவங்க, எல்லாருந்தான்.”

தேவையில்லை என்றேன். கழுதையாம்! கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தில் தாத்தாவின் இடுப்பில் வாள் தொங்குகிறது. கழுதை ஓட்ட எதற்கு வாள்?

பிப்ரவரி 27, வியாழன்

தாத்தா இரண்டொரு சொல்லுக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் மூச்சு விடமாட்டோம். “தாத்தா மாதிரி கம்பீரமா இருக்கணும்” என்பார் அப்பா. இருந்தேன். கான்வென்டில் வருடம் தவறாமல் ஒழுக்கத்துக்கான பரிசு எனக்குத்தான். வகுப்பே குசுகுசுத்தாலும் நான் உதடு பிரிக்கமாட்டேன் என்று மதர் எல்லோரிடமும் சொல்வார்.

என் கணவர் நேர்மாறு. அவர் இருந்தவரை இந்த வீட்டுக்கு ரேடியோ தேவைப்படவில்லை. இப்போது ஃப்ரிட்ஜ் உறுமுவது மட்டும் கேட்கிறது. அது நின்றால் இன்னும் மோசம்.

மார்ச் 3, திங்கள்

காப்பகத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, எல்லாப் பட்டியலிலும் தேடச் சொன்னேன்.

“கூப்பிடுவீங்கன்னு தெரியும்மா. தேட ஆரம்பிச்சுட்டேன்.”

அதிகப்பிரசங்கி.

மார்ச் 18, செவ்வாய்

உறை வந்தது.

கோவேறு கழுதை ஓட்டி. வாள், படமெடுத்த ஸ்டூடியோக்காரர் இடுப்பில் கட்டிவிட்டதாக இருக்கும். சரி, அதை விழுங்கிவிடலாம்.

அடுத்த தாள் தண்டனைகள். அணிவகுப்பில் பேசியது: எச்சரிக்கை. மறுபடியும் பேசியது: கூடுதல் காவல் வேலை. மேலதிகாரி நடப்பதுபோல் நடந்துகாட்டி மற்றவர்களைச் சிரிக்கவைத்தது: ஒரு வாரம் கழிவறை சுத்தம்.

யார் இது? வேறு யாருடைய தாளோ கலந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. பெயர், தகப்பன் பெயர், இடது புருவத்துத் தழும்பு, எல்லாம் அவர்தான்.

கடைசித் தாள் மருத்துவருடையது. குண்டு விழுந்து மண் மூடிய பள்ளத்திலிருந்து, செத்த கழுதைகளுக்கு நடுவே, உயிரோடு எடுத்திருக்கிறார்கள். உடம்பில் காயம் இல்லை. பேச்சு இல்லை. கூப்பிட்டால் திரும்புகிறார். பேச முயல்கிறார். வரவில்லை. பணிக்குத் தகுதியற்றவர், வீட்டுக்கு அனுப்பலாம்.

பேச முயல்கிறார் —

அப்பா, ஏம்பா சொல்லல? உங்களுக்கும் தெரியாதா? அவர் முன்னாடி நாங்க எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தோமே. பார்த்துக்கிட்டே இருந்தாரே எங்கள. ஒருத்தராவது ஏதாவது பேசியிருக்கக் கூடாதா?

கம்பீரமாம்.

மார்ச் 20, வியாழன்

நகல் எடுத்தேன். உறையில் மகளின் முகவரியும் எழுதினேன். தபாலில் போடவில்லை. இதைப் போய் எப்படிக் கடிதமில்லாமல் அனுப்புவது? நாலு முறை எழுதிப் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. இருந்தும் நாலையும் கிழித்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

மகளைக் கூப்பிட்டேன்.

“அம்மா? என்னாச்சு? விழுந்துட்டியா?”

“இல்ல.”

“டாக்டர் ஏதாவது சொன்னாரா? பக்கத்துல யாரு இருக்கா?”

“யாருமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்.”

உறையைப் பிரித்து முன்னால் வைத்துக்கொண்டேன். உன் கொள்ளுத்தாத்தா கழுதை ஓட்டினார் என்றேன். மேலதிகாரி மாதிரி நடந்துகாட்டி மாட்டிக்கொண்டார் என்றேன்.

“யாரு, படத்துல முறைச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவரா?”

சிரித்தாள். பிறகு “அப்புறம்?” என்றாள்.

அப்புறம் நடந்ததையும் சொன்னேன். பாதியில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னேன். அவள் அழுதாளோ என்னவோ, நான் விசாரிக்கவில்லை.

“அடுப்புல ஏதோ தீயுதும்மா. அணைச்சுட்டு வரேன். வெச்சுடாத, என்ன?”

சரி என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.