நானூறு கிராம்

1983, ஆடி மாதம், ஞாயிறு இரவு

காலையில் குத்துச்சண்டைப் போட்டிக்கு எடை பார்த்தபோது, அரிசி மண்டித் தராசில் நானூறு கிராம் கூடுதலாக இருந்தேன். ஐம்பத்தேழு கிலோ பிரிவு கைநழுவிப் போயிருக்கும். மறு எடைக்கு ஒரு மணி நேரம் தந்தார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிரிவலப் பாதையில் ஓடினேன். எடை சரியாக வந்தது, அப்படியே அரிசி மூட்டைமேல் சரிந்தேன்.

அக்கா உப்புக் கஞ்சியை மடக்கு மடக்காகத்தான் கொடுத்தாள்.

"ஒரேடியா குடிக்காதடா, வயிறு கனத்துடும்."

மதியத்துக்குள் கைக்குப் பலம் திரும்பியது. பட்டினி கிடந்து எடை குறைத்த எதிராளியோ பிரியாணியை வெளுத்துக் கட்டினான். சாயங்காலம் இரண்டாவது ரவுண்டில் அவன் வயிற்றில் ஒரே குத்து. பிரியாணி மேடையிலேயே வெளியே வந்துவிட்டது. பத்து எண்ணும்வரை அவன் எழவில்லை.

வீட்டில் அக்காவும் பிரியாணிதான் செய்திருந்தாள்.

"ஜாஸ்தியாவே துன்னுடா. இனிமே எவன் எடை போடப் போறான்?"

மூன்று தட்டு. பேனா பிடிக்க முடியவில்லை.