அழுத்தாமல் வெடிக்காது

என் பிரியத்துக்குரிய அத்தான்,

நீங்கள் பொய் சொன்னீர்கள். விசாரணைக்கு வந்த அதிகாரியின் முன்னால் நின்று, சப்-இன்ஸ்பெக்டரின் ரிவால்வர் உறையிலிருந்து நழுவி, கல்லில் விழுந்து, தானாக வெடித்தது என்றீர்கள்.

நீங்கள் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆடிக் காற்று கரிசல் தூசியை அள்ளிவரும் மத்தியானங்களில் கண் செருகினால் நீங்கள்தான் வருகிறீர்கள். ஸ்டேஷன் பின்வாசல் வேம்பின் கீழே, சட்டையில்லாமல் உட்கார்ந்து அந்தப் பழைய ரிவால்வரைத் துடைக்கிறீர்கள். எண்ணெய் வாசம் வருகிறது. உருளையைச் சுற்றிவிட்டு, அது ஓடி நிற்கும் சத்தத்தைக் கண்மூடிக் கேட்கிறீர்கள். வேப்பம்பழம் உதிர்கிறது.

துப்பாக்கி சப்-இன்ஸ்பெக்டருடையது, அதைப் பராமரித்த ஏட்டு நீங்கள். "எசமான் மாறிக்கிட்டே இருப்பாவ மாப்ளே. இது மாறாது. மழையில நனச்சு எடு, மண்ணுல பெரட்டி எடு, அழுத்துனா வெடிக்கும். அழுத்தாம வெடிக்காது."

போலீஸ் லைன் வீட்டு அடுப்படியிலிருந்து அக்கா கத்துவாள்: "அந்த இரும்ப இந்தத் தொடை தொடைக்கியளே, உங்க மவன் மூக்க ஒரு நாளாவது தொடச்சியளா?"

"இது சொன்னபடி கேக்கும். அவன் மூக்கு கேக்குமாட்டி?"

நானும் சிரித்தேன். எனக்கும் அதன்மேல் ஆசை இருந்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த அந்த யந்திரம் யார் நெஞ்சுக்கு நேரே நீளும் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆறு தோட்டா கொள்ளும் அதில் ஐந்துதான் போடுவீர்கள். உருளையில், தோட்டாவை அடிக்கும் சுத்தியலுக்கு நேரே உள்ள அறையைக் காலியாக விடுவீர்கள். "கீழ விழுந்தாலும் காலி எடத்துலதான் இடிக்கும்லே" என்பீர்கள். தானியத் தட்டுப்பாட்டு வருஷம், குருவிகுளம் ரோட்டில் சோள வண்டிகளைக் கூலிக்காரர்கள் மறித்த அன்று காலையிலும், என் கண் முன்னால் ஐந்துதான் போட்டு சப்-இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தீர்கள். மத்தியானம் அந்தக் கூலிக்காரர்களில் ஒருவரான மாடசாமி நெஞ்சில் குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தார். விழுந்து வெடித்ததாம்!

போன வாரம் அவர் மனைவி பேச்சியம்மா வந்தார். "தம்பி, தரையில விழுந்த துப்பாக்கி எங்க வீட்டு ஆளு நெஞ்சுல நேராவா வந்து சுடும்? ஏட்டையா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியா?" மறுபடி விசாரிக்கச் சொல்லி மனு கொடுக்கப்போகிறார். ஐந்து தோட்டா விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "செத்தவரத் தெருவுல இழுக்காதலே" என்று அழுகிறாள். கூலிக்காரன் என்றால் அவன் கொலையை விபத்து என்று எழுதி மூடிவிடலாமா?

மனுவில் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவேன். இது சத்தியம். போட்ட பிறகும் நீங்கள் எனக்கு அத்தான்தான்.

நேற்று மத்தியானமும் வந்தீர்கள். கேட்டேன். குழலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அதன் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். சப்-இன்ஸ்பெக்டர் குறி வைத்ததைப் பார்த்தீர்களா, இல்லையா? வாயைத் திறந்து சொல்லுங்கள், அத்தான்.

உங்கள் மைத்துனன்,
சண்முகம்
சங்கரன்கோவில்