மூளைக்கு இரண்டு தோசை

20-9-1997, சனி. ராஜபாளையம்.
காலையிலேயே புழுக்கம். மலைப் பக்கம் மேகம், நம் பக்கம் வெறும் வியர்வை. புரட்டாசி முதல் சனி, அடுப்பு மூட்டவில்லை. கோதைக்கு நல்ல வரன் அமைய வேண்டி, என் கணவரின் அக்கா நேர்ந்திருக்கிறார்: சனிக்கிழமைதோறும் முழுப் பட்டினி. (மதினி இனி 'ம.' மட்டும். இதை எடுத்துப் படித்தாலும் படிப்பார்.) நேர்ந்தது அவர். பட்டினி என் மகள்.

கோ.வுக்கு இன்று ப்ளஸ் டூ காலாண்டு, இயற்பியல். வாடிப்போய் வந்தாள். "தெரிஞ்ச கணக்குதாம்மா. பாதியில எழுத்தெல்லாம் நீந்துச்சு." கடைசி இரண்டு கேள்விக்கு வெள்ளைத்தாள். இன்ஜினியரிங் படித்தே தீருவேன் என்கிற பெண்.

ம.: "பொட்டப்புள்ள நாலு மார்க்கு குறைஞ்சா குடியா முழுகிரும்?"

தன் மகன் பரீட்சைக்குத் தினமும் பாதாம் பால் காய்ச்சியவர். (அப்படியும் அவன் மூன்று அட்டெம்ப்ட்.) பள்ளியில் வகுப்பை அதட்டுகிற என் தொண்டை, வீட்டு வாசலில் செருப்போடு கழன்றுவிடும். பத்திரிகைக்குச் சிரிப்புக் கட்டுரை வேறு எழுதுகிறேனாம்.

23, செவ்வாய். ஸ்ரீவில்லிபுத்தூர்.
பஸ்ஸில் நின்றபடியே பள்ளிக்கு. ஓய்வறையில், தம்பி மதுரையிலிருந்து அனுப்பிய அறிவியல் இதழ். இத்தனை வருஷம் விலங்கியல் நடத்துகிறேன், இது புதுசு. மூளை, உடம்பு எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் சும்மா இருக்கும்போதே உடம்பு எரிக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்கிறது. எங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. மனிதனுக்குக் குடல் சுருங்கி, அதில் மிச்சமான சக்தியில் மூளை பெருத்தது என்று ஒரு கட்சி. சமைத்துத் தின்னக் கற்றதால் என்று இன்னொரு கட்சி.

குனிந்து என் வயிற்றைப் பார்த்தேன். என்னிடம் பரிணாமம் ரிவர்ஸ் கியரில் போகிறது.

தமிழ் டீச்சர்: "என்ன, தனியாச் சிரிக்கிறீய?"
"நம்ம அடுப்பாலதான் மனுசனுக்கு மூளையே பெருத்துச்சாம்."
"அதக் கொஞ்சம் எங்க வீட்டுக்காரர்ட்ட வந்து சொல்லுங்க."

திரும்பும்போது பால்கோவா. ஆராய்ச்சிக்கு. பஸ் மடவார் வளாகம் கோயிலைத் தாண்டுமுன் ஆராய்ச்சி முடிந்தது.

26, வெள்ளி.
தூறல். கோ.வுக்கு நாளை கணிதம். சொல்லிவிட்டேன்!

"நாளைக்கு கோதை சாப்பிட்டுத்தான் போவா, மதினி. மூளைக்கும் தீனி வேணும்."
"ஏட்டி, பெருமாள் காரியத்துல வாய வைக்காத. சாமி குத்தம் ஆயிரும்."
"பெருமாளுக்கு வேள தவறாமப் படையல் நடக்குல்லா? அவரே பசி தாங்கலைன்னா, பிள்ள எப்படித் தாங்கும்?"
"வரன் தட்டிப்போச்சுன்னா எங்கிட்ட வந்து அழுவக்கூடாது, ஆமா."

என் வீட்டுக்காரர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

உண்மை (இங்கே மட்டும்): ஒரு நாள் பட்டினியில் மூளை அணைந்துவிடாது. ஈரலில் சர்க்கரைக் கையிருப்பு உண்டு, கொழுப்பும் உண்டு. கோ. பயத்தில்கூட மறந்திருக்கலாம். இதை ம.வுக்குச் சொல்லப் போவதில்லை. பசிக்கிற பிள்ளைக்குச் சாப்பாடு போட அறிவியலிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்ன?

27, சனி.
மழை விட்டுவிட்டது. விடியும் முன்பே அடுப்பு. ம. ஈரத்தலையோடு சமையலறை வாசலில். நகரவில்லை. நானும்தான்.

முதல் தோசை கோ.வுக்கு. அடுத்தது எனக்கு, பாவத்துக்குத் துணை வேண்டுமே. பசியே இல்லை. வீம்புக்குத் தின்றேன். பேப்பரை வைத்துவிட்டு இவரும் வந்து உட்கார்ந்தார். தட்டு நீண்டது.

ம.: "தின்னுங்க, எல்லாரும் தின்னுங்க. இவளுக்கு மாப்பிள்ள அமைஞ்ச மாதிரிதான்."

கோ., வாய் நிறைய: "அமையலைன்னா இருக்கட்டும் அத்தை. காலேஜே நாலு வருசம் இருக்குல்லா. யம்மா, இன்னொண்ணு."

ஊற்றினேன். பெரிசாக.